எபேன்–பாரிஸ் பேக்கப் ஊர்கிறது: கியூபிக்கை விட்டு பிபிஆருக்கு மாறலாமா?

எபேன் சர்வர்:
வணக்கம். மொரீஷியஸின் எபேனில் இருக்கும் லினக்ஸ் சர்வரிலிருந்து இரவில் பாரிஸுக்கு பேக்கப் போகிறது. எஸ்எஸ்ஹெச் (மறையாக்க இணைப்பு) மேல் ஆர்சிங்க் (கோப்பு நகலெடுக்கும் நிரல்). லைன் 500 எம்பிபிஎஸ், பிங் 200 மில்லிசெகண்ட், பாக்கெட் இழப்பு 0.01% அளவில். கிடைப்பதோ 18 எம்பிபிஎஸ். ஓடுவது கியூபிக், டிசிபி எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று முடிவு செய்யும் நெரிசல் முறை. பிபிஆர் என்ற மாற்று முறையைப் போட்டால் தீருமா? கால் சென்டர் பேச்சும் இதே லைனில்தான்.

கத்ர் போர்ன் வேலு:
18 வருவதில் வியப்பில்லை. எந்த இழப்பையும் கியூபிக் நெரிசல் என்றே எண்ணி, விண்டோவை (பதில் வருமுன் அனுப்பிவைக்கும் பாக்கெட் அளவு) 0.7 மடங்காகச் சுருக்கிவிடும். பத்தாயிரத்துக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால், 200 மில்லிசெகண்டில் சராசரி விண்டோ 315 பாக்கெட் சுமார். பாக்கெட் அளவால் பெருக்கி 0.2 செகண்டால் வகுத்துப் பாருங்கள், 18 எம்பிபிஎஸ்தான் வரும். பழைய ரீனோ முறை என்றால் 7. பெரிய லைன் வாங்கினாலும் ஏறாது. கடலடியில் மெடிஸ் கேபிளோ சேஃப் கேபிளோ, தூரம் தூரம்தான்.

முதல் பதிப்பு பிபிஆர் இப்படிச் சில்லறை இழப்புக்கு அசையாது. அளந்த வேகத்தையும் குறைந்தபட்ச ஆர்டிடியையும் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) வைத்தே அனுப்பும். அனுப்பும் பக்கமான எபேனில் மாற்றினால் போதும், கர்னல் 4.9 முதல் இருக்கிறது, கூடவே பாக்கெட்டைச் சீராக விடும் எஃப்கியூ கியூடிஸ்க் (வரிசை முறை) போடுங்கள். பஃபரை மறக்காதீர்கள். 500 எம்பிபிஎஸ்ஸை 0.2 செகண்டால் பெருக்கினால் 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி (மெகாபைட்) வழியிலேயே இருக்க வேண்டும், பிபிஆர் அதில் இரு மடங்கு வரை கேட்கும். எபேனில் டிசிபி டபிள்யூமெம் (அனுப்பும் பஃபர்) உச்சம் வழக்கமாக 4 எம்பி, பாரிஸில் ஆர்மெம் (பெறும் பஃபர்) உச்சம் 6 எம்பி. இரண்டையும் 32 ஆக்குங்கள்.

டர்பன் முத்து:
வேலு அண்ணன் கணக்கு சரி, ஆனால் எஸ்எஸ்ஹெச் குறுக்கே நிற்கும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்குச் சொந்தமாக 2 எம்பி சானல் விண்டோ உண்டு. 200 மில்லிசெகண்டுக்கு 2 எம்பி என்றால் ஒரு இணைப்புக்கு 80 எம்பிபிஎஸ்தான் எல்லை. ஃபோல்டர்களைப் பிரித்து ஐந்து ஆர்சிங்க் ஓட்டுங்கள், அல்லது வயர்கார்டு விபிஎன்னுக்குள் ஆர்சிங்க் டீமனை வையுங்கள்.

எனக்குப் பேச்சுதான் கவலை. ரூட்டர் பஃபர் சிறியதாக இருந்தால் பிபிஆர் அதை நிரப்பி வழியவிடும். கியூபிக் ஓட்டங்கள் ஒடுங்கும், யூடிபி பேச்சு அறுபடும். பஃபர் மிக ஆழமானால் தலைகீழ், கியூபிக்தான் லைனைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: உங்கள் ரூட்டரில் கேக் (வரிசையை ஒழுங்குபடுத்தும் முறை) போட்டு அப்லோடை 450 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுங்கள். வரிசை உங்கள் கையில் இருக்கும். சர்வர் முழுக்க பிபிஆர் வேண்டாம், பாரிஸ் ரூட்டுக்கு மட்டும் 'கன்ஜிசிடிஎல்' அமைப்பில் பிபிஆர் கொடுத்தால் போதும்.

எபேன் சர்வர்:
நன்றி. சரியாகிறதா என்று எதைப் பார்க்க?

கத்ர் போர்ன் வேலு:
பேக்கப் ஓடும்போதே 'எஸ்எஸ் -டிஐ' கட்டளையில் ரீட்ரான்ஸ் (மறுபடி அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கை) பாருங்கள், பக்கத்தில் பிங் ஓடட்டும். பிங் 200லிருந்து 300க்குப் போனால் வரிசை சேர்கிறது. ரீட்ரான்ஸ் மட்டும் ஏறினால் வழியில் எங்கோ பஃபர் சிறியது. கேக் அளவை இன்னும் இறக்குங்கள். சுமார் 10 செகண்டுக்கு ஒருமுறை வேகம் சட்டென்று விழுந்தெழும். அது பிபிஆர் ஆர்டிடியை அளக்கும் நேரம், கோளாறல்ல.