கவுண்டி ஃபேர் ஆட்டுப் போட்டி: 10 வயதுக் குழந்தைக்கு இப்போதே என்னென்ன செய்ய வேண்டும்?

நிலாமுற்றம் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது. வரும் ஆகஸ்டில் எங்கள் கவுண்டி ஃபேரில் (மாவட்ட அளவிலான வேளாண் கண்காட்சி) வெள்ளாட்டோடு ரிங்கில் (போட்டிக் களத்தில்) இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். இப்போது ஜனவரி. ஊர் எல்லையில் ஒரு ஏக்கர் நிலத்தோடு வீடு. ஆடு வைத்துக்கொள்ளலாம் என்று ஜோனிங் (நிலப் பயன்பாட்டு) அலுவலகத்தில் எழுதி வாங்கியாகிவிட்டது. நானும் கணவரும் இதுவரை ஆடு வளர்த்ததில்லை.

முதலில் யாரிடம் போவது, எப்போது எந்த வயதுக் குட்டி வாங்குவது, தீவனத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும், ரிங்கில் நடுவர் எதைப் பார்ப்பார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: நாங்கள் சைவம். "மார்க்கெட்" பிரிவு ஆடுகள் ஃபேர் முடிந்ததும் எங்கே போகும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் அவளுக்குச் சரி சொல்ல வேண்டும்.

கொட்டில்வாசல்

வணக்கம் அக்கா. ஜனவரியிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்தப் போட்டியில் பலர் ரிங்குக்கு வராமலே தோற்பது தேதி தவறியதால்தான்.

முதல் படி உங்கள் கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் (வேளாண் விரிவாக்க) அலுவலகம். 4-எச் என்ற சிறுவர் அமைப்பை நடத்துவது அவர்கள்தான். 1914இல் வந்த ஸ்மித்–லீவர் சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலத்தின் லேண்ட்-கிராண்ட் (அரசு நிலக்கொடையில் தொடங்கிய) பல்கலைக்கழகத்தோடும் இணைந்த அலுவலகம் அது. பெரும்பாலான மாநிலங்களில் போட்டி வயது 8 முதல் 18 வரை. 5 முதல் 7 வயதுள்ளவர்கள் க்ளோவர்பட். அவர்களுக்குத் தரவரிசை கிடையாது. உங்கள் பாப்பா போட்டி வயதிலேயே இருக்கிறாள். எஃப்.எஃப்.ஏ. என்ற இன்னொரு மாணவர் அமைப்பு பள்ளியின் வேளாண் வகுப்போடு சேர்ந்தது, அதற்கு இன்னும் சில வருடம் இருக்கிறது.

அங்கே போனதும் மூன்று தேதிகளை எழுதி வாங்குங்கள். ஒன்று, 4-எச் சேர்க்கைக் கடைசி நாள். இரண்டு, ஆடு குழந்தையின் பெயரில் இருந்தாக வேண்டிய நாள். இதை ஓனர்ஷிப் டேட் என்பார்கள். ஆடு, செம்மறி, பன்றிக்குப் பல கவுண்டிகளில் வசந்த காலத்தில் வரும், காளைக்கு அதற்கும் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மூன்று, ஃபேருக்கான நுழைவுப் படிவத்தின் கடைசி நாள். இதில் எது தவறினாலும் யாரும் விதியைத் தளர்த்த மாட்டார்கள். தளர்த்தவும் கூடாது, தேதிக்குள் வாங்கி மாதக்கணக்கில் வளர்த்த மற்ற குழந்தைகளுக்கு அது அநியாயம்.

அடுத்தது ஒய்.க்யூ.சி.ஏ. சான்றிதழ். 8 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு, விலங்கு நலம், நன்னடத்தை பற்றிய பாடம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். எல்லா ஃபேரும் இதைக் கேட்பதில்லை, உங்கள் ஃபேர் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் குழந்தையே உட்கார்ந்து முடிக்கட்டும். அதில் வருவதை நடுவரும் கேட்பார்.

குட்டி வாங்கும்போது காதில் ஸ்க்ரேப்பி (ஆடுகளுக்கு வரும் மூளை நோய்) தடுப்புக்கான வில்லை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். அது எந்த மந்தையில் பிறந்தது என்பதைக் காட்டும் அரசு அடையாளம். வீட்டுக்கு வந்தபின் விற்றவரைத் தேடி ஓடுவது பெரும் தொல்லை. விற்பனை ரசீதில் வில்லை எண், பிறந்த தேதி, வாங்கிய தேதி மூன்றும் இருக்கட்டும்.

தவிட்டுக்குருவி

வயதும் எடையும் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். மார்க்கெட் ஆடு (இறைச்சிப் பிரிவு ஆடு) நல்ல தீவனத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 0.3 பவுண்டு ஏறும். மே முதல் வாரத்தில் 50 பவுண்டுக் குட்டி வாங்கினால் 100 நாளில் 30 பவுண்டு கூடி ஆகஸ்டில் 80 பவுண்டில் நிற்கும். உங்கள் ஃபேரின் குறைந்தபட்ச எடையைப் பார்த்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பல இடங்களில் பால்பல் விழாத ஆடுதான் மார்க்கெட் பிரிவுக்கு ஏற்கப்படும். முன்பல் மாறுவது ஒரு வயதை ஒட்டி. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த குட்டிக்கு அந்தப் பிரச்சினை வராது.

ஒற்றை ஆடு வாங்காதீர்கள். துணை இல்லாத ஆடு கத்தும், தின்னாது, வேலியைத் தாண்டும். இரண்டாக வாங்குங்கள். வேலி 4 அடி உயரம், பின்னிய கம்பி. கொம்புள்ள குட்டி தலையை உள்ளே விட்டு வெளியே எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும் அளவுக் கண்ணி வேண்டாம்.

இனி தீவனம். ஆட்டுக்கென்று விற்கும் 16 சதவீதப் புரதத் தீவனம் போதும். அடர்தீவனமும் காய்ந்த புல்லும் சேர்த்து உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம். புதுத் தீவனத்துக்கு மாற்றும்போது 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். ஒரே நாளில் மாற்றினால் இரைப்பையில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும். செம்மறித் தீவனம் ஆட்டுக்குப் போதாது, தாமிரம் குறைவு. ஆட்டுத் தீவனத்தைச் செம்மறி தின்றால் அதே தாமிரம் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும். பக்கத்துக் கொட்டிலில் செம்மறி இருந்தால் வாளிகளைத் தனித்தனியாக வையுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது சிறுநீர்க்கல். மார்க்கெட் பிரிவில் வருபவை பெரும்பாலும் காயடித்த கிடாக்கள். சின்ன வயதில் காயடித்தால் சிறுநீர்க்குழாய் முழு அளவுக்கு விரியாது. அதன்மேல் தானியத் தீவனத்தில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் மணல்போன்ற கல் உருவாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். தடுக்க மூன்று வழி: தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் 2க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், 0.5 சதவீதம் அமோனியம் குளோரைடு சேர்த்த தீவனமாகப் பார்த்து வாங்க வேண்டும் (மூட்டையோடு வரும் சீட்டில் போட்டிருக்கும்). தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். வாளியில் புழுக்கை விழுந்தால் ஆடு அந்தத் தண்ணீரைத் தொடாது.

அடைப்பு வந்தால் ஆடு முதுகை வளைத்து, பின்னங்காலை நீட்டி முக்கும். வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், பல்லை நறநறவெனக் கடிக்கும். ஆண்குறி முனை மயிரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், சிறுநீர் சொட்டுச்சொட்டாக வரும் அல்லது வராது. புதிதாக வளர்ப்பவர்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் சிறுநீர்ப்பை வெடித்துவிடும். பார்த்த மணி நேரத்திலேயே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

துள்ளுமாரிக்கும் ரணஜன்னிக்கும் சேர்த்து சி.டி.டி. தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, 3–4 வாரம் கழித்து இரண்டாவது. விற்பவர் ஒன்றைப் போட்டிருந்தால் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடற்புழுவுக்கு மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றினால் புழு அதற்குப் பழகிவிடும். ஃபமாச்சா அட்டையை வைத்துக் கீழ் இமையின் உள்நிறத்தைப் பாருங்கள்: 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெளுப்பு. இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு எந்த அளவில் இருக்கிறது என்று அது காட்டும்.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. சிறுநீர்க்கல் பற்றி இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மருந்து கொடுக்க நேர்ந்தால் போட்டிக்குத் தடை வருமா? ரிங் பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

வளையம்

தடை வராது, ஆனால் கணக்கு வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் இறைச்சியிலிருந்து நீங்க இத்தனை நாள் என்று உண்டு. அந்த நாள் முடியாமல் ஏலத்துக்குப் போன ஆட்டில் மருந்து எச்சம் கண்டால் பரிசும் பணமும் திரும்பப் போகும். 2023 ஜூன் 11 முதல் மனித மருத்துவத்துக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் எதுவும் தீவனக் கடையில் சும்மா கிடைக்காது, கால்நடை மருத்துவர் சீட்டு வேண்டும். வெள்ளாட்டுக்கென்று அனுமதி பெற்ற மருந்துகள் மிகக் குறைவு. பெரும்பாலும் மாட்டுக்கான மருந்தை மருத்துவர் தன் பொறுப்பில் எழுதித் தருவார், அப்போது காத்திருக்க வேண்டிய நாள்களையும் அவரே சொல்வார். தேதி, மருந்து, அளவு, வில்லை எண், எத்தனை நாள் என்று பாப்பாவே ரெக்கார்டு புக்கில் எழுதட்டும்.

இப்போது ரிங். இரண்டு விதமான போட்டி இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மார்க்கெட் வகுப்பில் ஆட்டுக்குத்தான் மதிப்பெண்: முதுகுச் சதை, தொடை, எலும்பு, நடை. ஷோமேன்ஷிப்பில் குழந்தைக்குத்தான் மதிப்பெண். முதல் வருடத்துக்கு ஷோமேன்ஷிப்பைக் குறிவையுங்கள். சாதாரண விலைக் குட்டியை வைத்துக்கொண்டே உழைப்பால் மேலே வரக்கூடிய வகுப்பு அதுதான். விலை அதிகமான குட்டி வாங்கிவிட்டு நடைப்பயிற்சி கொடுக்காதவர்கள் அங்கே பின்வரிசையில் நிற்பார்கள்.

பயிற்சி வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கட்டும். முதலில் தினம் 10–15 நிமிடம் கட்டிப் பழக்குங்கள், தலை இயல்பான உயரத்தில் நிற்கும்படி. கட்டிய ஆட்டை விட்டு நகரவே கூடாது; சுற்றிக்கொண்டு விழுந்தால் சில நிமிடத்தில் மூச்சு முட்டிவிடும். காலர் சங்கிலி தாடைக்குக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் மூச்சுக்குழாயை அழுத்தும், ஆடு இருமும், படுத்துக்கொண்டு வர மறுக்கும். "அடம்பிடிக்கிறது" என்று சொல்வதில் பாதி இந்தக் காலர் பிரச்சினைதான். பிறகு தினம் 20–30 நிமிட நடை. ஆட்டின் தோள் குழந்தையின் காலுக்கு நேராக வர வேண்டும். இழுத்துக்கொண்டும் போகக் கூடாது, ஆடு முன்னால் ஓடவும் கூடாது.

நிறுத்தும்போது முன்கால்கள் தோளுக்கு நேர்கீழே, பின்கால்கள் சற்றே பின்னால், நான்கும் சதுரமாக. நடுவருக்கும் ஆட்டுக்கும் நடுவில் குழந்தை ஒருபோதும் வரக் கூடாது. நடுவர் மறுபக்கம் போனால் குழந்தை ஆட்டின் முகத்துக்கு முன்னால் வந்து கையை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், ஆட்டின் பின்னால் சுற்றி வரக் கூடாது. நடுவர் முதுகைத் தொட்டுப் பார்க்கும்போது ஆடு குழந்தையின் காலைத் தள்ளி நின்றால் சதை இறுகும், இதை பிரேசிங் என்பார்கள். சில ஃபேர்களில் வெள்ளாட்டுக்கு இது தடை. விதிப்புத்தகத்தைப் பார்த்த பிறகே பழக்குங்கள்.

பார்வை நடுவர்மேல், கை ஆட்டின்மேல். ஆடு குளறினால் பதறாமல் மறுபடி காலைச் சரிசெய்தால் போதும். அந்த நிதானத்தை நடுவர்கள் கவனிக்கிறார்கள். ஆட்டின் பிறந்த தேதி, எடை, இனம், தீவனத்தின் புரதச் சதவீதம், கடைசித் தடுப்பூசி, உடல் உறுப்புகளின் பெயர் எல்லாம் கேட்பார்கள். வீட்டில் தெரியாத முகங்கள் வந்து ஆட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். வீட்டாரிடம் மட்டும் பழகிய ஆடு ரிங்கில் நடுவர் கை பட்டதும் துள்ளும்.

குளம்பை 2 வாரத்துக்கு முன்பே வெட்டிவிடுங்கள். கடைசி நாளில் வெட்டி ஆழமாகப் போனால் நொண்டும். மயிர் கத்தரிக்கும் கிளிப்பர் இரவல் வாங்கினால் கிருமிநாசினியில் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், படர்தாமரை அப்படித்தான் ஒரு கொட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. ஃபேரில் ஆட்டை வண்டியிலிருந்து இறக்கும் இடத்திலேயே பரிசோதனை உண்டு. படர்தாமரை, வாய்ப்புண், கண் நோய், குளம்பு அழுகல், சீழ்க்கட்டி இருந்தால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவார்கள். படர்தாமரையும் வாய்ப்புண்ணும் மனிதருக்கும் தொற்றும், வெறும் கையால் தொட வேண்டாம்.

ஃபேர் மைதானத் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் ஆடு குடிக்காமல் நின்றுவிடும். வீட்டிலேயே ஒரு வாரம் முன்பிருந்து எலெக்ட்ரோலைட் பொடியைக் கொஞ்சம் கலந்து பழக்கி, அங்கேயும் அதையே கலந்து கொடுங்கள். காயடித்த கிடாவுக்குத் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே தவிட்டுக்குருவி எழுதியிருக்கிறார்.

கொட்டில்வாசல்

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மார்க்கெட் ஆடு இறைச்சிக்காகத்தான். பல ஃபேர்கள் "டெர்மினல்": ரிங்கில் இறங்கிய மார்க்கெட் விலங்கு எதுவும் வீட்டுக்குத் திரும்பாது, ஏலம் முடிந்ததும் வெட்டுக்கூடத்துக்கு வண்டி ஏறும். சில ஃபேர்களில் "பிரீமியம்" ஏலம்: வாங்குபவர் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகையைக் குழந்தைக்கு ஊக்கமாகத் தருவார், விலங்கு எங்கே போகும் என்பது அந்த ஊர் விதி. உங்கள் ஃபேரில் எது என்று குட்டி வாங்கும் முன்பே கேளுங்கள்.

சைவக் குடும்பம் என்றால் மார்க்கெட் பிரிவுக்குப் போகவே தேவையில்லை. பால் ஆட்டுப் பிரிவில் பெட்டைக் குட்டியோடு ரிங்கில் இறங்கலாம். கொம்பு தீய்க்கப்பட்டதாக இருக்க வேண்டும், பாப்பா வெள்ளை உடை போடுவாள். இனப்பெருக்கப் பெட்டைப் பிரிவும் இருக்கிறது. பல கவுண்டிகளில் பண்ணையிலிருந்து கிடேரியோ ஆடோ குத்தகைக்கு எடுத்து, அங்கேயே போய்ப் பராமரித்து, போட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் 4-எச்சில் உண்டு. இவை எல்லாவற்றிலும் ஷோமேன்ஷிப் வகுப்பு இருக்கும், வளையம் சொன்ன பயிற்சி பெரும்பாலும் பொருந்தும். காயடித்த கிடா இல்லாததால் சிறுநீர்க்கல் பயமும் வெகுவாகக் குறையும்.

இதையும் மீறி மார்க்கெட் ஆடுதான் வேண்டும் என்று பாப்பா சொன்னால், அது எங்கே போகும் என்பதைக் குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள். ஃபேர் வாரத்தில் கொட்டிலில் நின்று முதல்முறையாகக் கேட்கும் குழந்தைக்கு அது தாங்காது. தெரிந்தே வளர்த்த குழந்தையும் அழும், அழட்டும். அன்று இரவு யாராவது பெரியவர் கூடவே இருங்கள்.

எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்குப் போகும்போது விதிப்புத்தகத்தின் இந்த ஆண்டுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் பழைய ஆண்டுப் பிரதிகளும் கிடக்கின்றன, ஓனர்ஷிப் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.