“பாலினம்தான் காரணம்” என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

கேட்டவர் (புனைபெயர்): நாற்பதாம் பக்கம்
முதலாண்டு மாணவர் 180 பேருக்கு ஆங்கிலத் தேர்வு வைத்தாயிற்று. பெண்கள் 112, ஆண்கள் 68. டி-டெஸ்ட்டில் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) பெண்களின் சராசரி கூடுதல், பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு இடைவெளியோ அதைவிடக் கூடுதலோ வர வாய்ப்பு) 0.03. குடும்பப் பின்னணியையும் சேர்க்கச் சொல்கிறார் நெறியாளர். வினாப்பட்டியலில் அதற்கென்று இருப்பது மாத வருமானக் கேள்வி ஒன்றுதான், அதையும் பாதிப் பேர் நிரப்பவில்லை. பாலினத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

சல்லடை:
முடிக்க முடியாது. உங்கள் எண்களை வைத்துக் கணக்கிட்டால் கோஹன் டி (சராசரிகளின் இடைவெளியை மதிப்பெண்களின் பரவலோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) ஏறக்குறைய 0.34 வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் எடுத்தால், பெண் முந்தியிருக்க வாய்ப்பு 100க்கு 60. மதிப்பெண் ஏற்ற இறக்கத்தில் பாலினம் விளக்குவது 3 விழுக்காடுகூட இல்லை. ஆய்வாளர்கள் ஹைடும் லின்னும் 1988இல் 165 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொதுவான மொழித்திறனில் பெண்களின் முன்னிலை இதே டி அளவில் 0.11தான் வந்தது. அது இரண்டாம் மொழி பற்றியதல்ல என்றாலும், “பெண்களுக்கு மொழி இயல்பாகவே வரும்” என்று எழுதப்போகும் கையைக் கொஞ்சம் தடுக்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. மகளைப் படிக்க அனுப்பத் தயங்கும் வீட்டிலிருந்து, நன்றாகப் படிக்கும் பெண் மட்டுமே பல்கலைக்கழகம் வரை வருவாள். அதே வீட்டுப் பையன் சுமாராகப் படித்தாலும் வந்துவிடுவான். அப்படியானால் நீங்கள் ஒப்பிடுவது வடிகட்டிய கூட்டத்தையும் வடிகட்டாத கூட்டத்தையும். பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கில மதிப்பெண் கையில் இல்லாமல் இதைப் பிரிக்க வழியில்லை.

கரும்பலகை:
வருமானக் கேள்வியை விட்டுவிடுங்கள். வீட்டு வருமானம் பல மாணவர்களுக்கே தெரியாது, தெரிந்தவர்களுக்கும் எழுதக் கூச்சம். நிரப்பியவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் மாதிரி 90 ஆகச் சுருங்கும், அதுவும் ஒருபக்கமாகச் சாய்ந்து. அதே 180 பேரிடம் ஒரு பக்கத்தில் துணை வினாப்பட்டியல் கொடுங்கள்: தாயின் படிப்பு, தந்தையின் படிப்பு (தனித்தனியாக), பள்ளியில் பயிற்றுமொழி, வீட்டில் ஆங்கிலம் வாசிப்பவர் யாராவது உண்டா, கணினி தனக்கா பொதுவிலா, குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளா.

பாலினமும் குடும்பமும் முட்டிக்கொள்ளும் இடம் நேரம். ஒரே வீட்டில் மகளுக்குச் சமையலும் தம்பி தங்கையும், மகனுக்குப் பகுதிநேர வேலை. மாலையில் நடக்கும் பேச்சுப் பயிற்சிக்கு யார் தங்க முடியும் என்பதும் இதில் அடக்கம். “பொதுவாக எத்தனை மணி நேரம்” என்று கேட்டால் உத்தேசமாக எழுதுவார்கள். “சென்ற வாரம்” என்று கேளுங்கள்: வீட்டு வேலை, கூலி வேலை, ஆங்கிலம் கேட்டது, ஆங்கிலம் பேசியது, நான்கும் தனித்தனிக் கட்டங்களில்.

நாற்பதாம் பக்கம்:
வகுப்பறைப் பதற்றத்துக்கு ஆய்வாளர் ஹோர்விட்ஸின் 33 வாக்கிய அளவுகோலையும் கொடுத்திருக்கிறேன், ஆங்கிலத்திலேயே. ஆல்பா (வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.58தான் வந்தது.

கரும்பலகை:
முதலில் “ஆங்கில வகுப்பில் எனக்குப் பதற்றமில்லை” என்ற போக்கில் வரும் வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் அது. அப்புறமும் ஆல்பா ஏறாவிட்டால் மொழிதான் சிக்கல். வாக்கியம் புரியாதவர்கள் நடுக்கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களில் அதிகம் பேர் வீட்டில் ஆங்கிலம் புழங்காதவர்களாக இருந்தால், உங்கள் அளவுகோலே குடும்பப் பின்னணியை அளந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தாய்மொழியில் பெயர்த்து, வேறொருவரை ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்க்கச் சொல்லி ஒப்பிட்ட பிறகு மீண்டும் கொடுங்கள்.

சல்லடை:
ரிக்ரெஷனை (பல காரணிகளை ஒன்றாக வைத்து ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துப் பார்க்கும் கணக்கு) படிப்படியாகப் போடுங்கள்: முதலில் பாலினம் மட்டும், அடுத்து பள்ளி மதிப்பெண், அடுத்து பெற்றோர் படிப்பும் பயிற்றுமொழியும், கடைசியில் நேரக் கட்டங்கள். ஒவ்வொரு படியிலும் பாலினத்தின் கெழு (மதிப்பெண்ணில் அதன் பங்கைக் காட்டும் எண்) எவ்வளவு சுருங்குகிறது என்று அட்டவணை போட்டால், அதுதான் உங்கள் ஆய்வேட்டின் முக்கிய அட்டவணை. பாலினம் × தாயின் படிப்பு இடைவினையையும் (தாயின் படிப்பைப் பொறுத்து பாலின இடைவெளி மாறுகிறதா என்பது) போட்டுப் பார்க்கலாம், ஆனால் 180 பேரில் சிறிய இடைவினை தென்படாது. பி மதிப்பு 0.05ஐத் தாண்டினால் “இடைவினை இல்லை” என்று எழுதாமல், கெழுவையும் அதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லையையும் (உண்மை மதிப்பு எந்த வீச்சுக்குள் இருக்கலாம் என்ற கணிப்பு) அப்படியே கொடுத்துவிடுங்கள்.