ரிவால்வர் சிலிண்டர் நாலாவது சுடலில் இறுகிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். டெக்சஸில் இருக்கிறேன், .357 மேக்னம் தோட்டாக்களை வீட்டிலேயே ரீலோடு செய்து, அதாவது சுட்ட கேஸில் (பித்தளை உறையில்) மறுபடி வெடிமருந்தும் முனையில் புல்லட்டும் (குண்டும்) வைத்து, இரண்டு வருடமாகிறது. கனமான ரிவால்வரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று வாரம் முன்பு வாங்கிய எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வரில், அதே தோட்டாவைப் போட்டால் மூன்று சுடலுக்குப் பிறகு சிலிண்டர் சுழலவே மாட்டேன் என்கிறது. உதைப்பில் துப்பாக்கி பின்னால் போக, மிச்சமிருக்கும் தோட்டாக்களில் புல்லட் கேஸை விட்டு முன்னால் நகர்ந்து, சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்த்துக் குழலில் இடிக்கிறது. தோட்டாவின் மொத்த நீளம் ஏற்றும்போது 1.580 அங்குலம், மூன்று சுட்டபின் காலிப்பரில் 1.612.

புல்லட் எடை 158 கிரெய்ன், செம்பு முலாம் பூசியது, கேஸ் வாயை மடித்துப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் பள்ளம் கிடையாது.

கேஸ் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் துருத்தவில்லை, விரலால் தடவியே பார்த்தேன். கேஸ்களை எல்லாம் ஒரே நீளத்துக்கு, 1.280க்கு வெட்டினேன். கேஸ் வாயைப் புல்லட்டுக்குள் சுருட்டி அழுத்தும் ரோல் கிரிம்பை இறுக்கினேன், அப்புறம் முலாம் வெட்டுப்பட்டுக் கிழிந்ததுதான் மிச்சம், அதனால் பழையபடி தளர்த்திவிட்டேன். கடைத் தோட்டாவில் ஒரு தடவைகூட இப்படி ஆகவில்லை. மருந்தை ரீலோடிங் குறிப்பேட்டில் உள்ள ஆரம்ப அளவுக்குக் குறைத்தும் நாலாவதில் நகர்கிறது.

கேஸ் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் 0.3555 அங்குலம். புல்லட்டுக்குக் கேஸின் பிடிமானம் போதவில்லை போலிருக்கிறது, அதனால் சிறிய எக்ஸ்பாண்டரை முதலில் மாற்றிப் பார்க்கலாமா, இல்லை பள்ளம் உள்ள ஜாக்கெட் (தடித்த உலோக உறை போட்ட) புல்லட்டுக்கே போய்விட வேண்டுமா?