புயல் செய்தியைப் பகடி செய்யும் மேடை நாடகம்: ஒரு காட்சிக்கு யோசனை வேண்டும்

கேள்வி: கடலூர் தமிழாசிரியர்

வணக்கம். எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு மாணவர்கள் கால் மணி நேர நாடகம் ஒன்று தயாரிக்கிறார்கள். தொலைக்காட்சியின் புயல் செய்திதான் பகடிக்குப் பொருள். புயல் இன்னும் நடுக்கடலில் இருக்கிறது. செய்தி வாசிப்பவருக்கோ அது உடனே கரைக்கு வந்தாக வேண்டும். சில்வர் பீச்சில் நிற்கும் நிருபர், இலைகூட அசையாத இடத்தில் காற்றை எதிர்த்துச் சாய்ந்து நிற்கிறார். பிரமாதமாக நடிக்கிறார்கள்.

இரண்டாவது காட்சிதான் என்னை உறுத்துகிறது. கூரை பறந்துபோன ஒரு மீனவப் பெண்ணிடம், "இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று நிருபர் கேட்கிறார். அவர் ஒப்பாரி வைத்துப் பேசுகிறார். ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தது அந்தப் பேச்சுக்குத்தான். விழாவுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து பல குடும்பங்கள் வரும். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்துப் போட்டதையும் யாரும் மறக்கவில்லை. அவர்கள் முன்னால் இந்தக் காட்சியை நடத்த எனக்கு மனம் ஒப்பவில்லை.

எடுத்துவிடலாம் என்றால், "அந்தக் கேள்விதானே ஐயா நாடகத்தின் உயிர்" என்கிறார்கள் மாணவர்கள். அதுவும் நியாயம்தான். காட்சி இருக்க வேண்டும், அந்தப் பெண் சிரிப்புக்கு இரையாகக் கூடாது. வழி உண்டா?

பதில்: முன்னாள் ஒளிப்பதிவாளர், புதுச்சேரி

காட்சியை எடுக்காதீர்கள் ஐயா. அந்தப் பெண்ணைத் தெளிவாகப் பேச வையுங்கள்.

'தானே' புயல் சமயத்தில் கேமராவோடு கடலூர் வந்தவன் நான். ஒரு அம்மா எங்கள் மைக்கைப் பார்த்ததும் விவரமாகச் சொன்னார்: குழாயில் தண்ணீர் இல்லை, கைக்குழந்தைக்குப் பால் இல்லை, வலை மண்ணுக்குள் கிடக்கிறது, தார்ப்பாய் கிடைத்தால் இன்று ராத்திரியை ஓட்டிவிடலாம். கடைசியில் மட்டும் குரல் உடைந்தது. ஒளிபரப்பில் வந்தது அந்த உடைந்த குரல் மட்டும்தான். பின்னணியில் வயலின் சேர்த்திருந்தார்கள். தண்ணீரும் பாலும் தார்ப்பாயும் போன இடம் தெரியவில்லை.

இதையே நடத்திக் காட்டுங்கள். அவர் தண்ணீர் என்று தொடங்கும்போதெல்லாம் ஸ்டுடியோ குறுக்கிட்டு மனநிலையைக் கேட்கட்டும். இன்னொரு வித்தையும் உண்டு: கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிவிட்டால் கணுக்கால் அளவுத் தண்ணீரும் வெள்ளமாகத் தெரியும். நிருபர் குந்தி உட்கார்ந்து பேச, பின்னால் ஒரு பையன் சாவகாசமாகச் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகட்டும்.

பிபிசி 1994இல் ஒளிபரப்பிய 'தி டே டுடே' என்ற செய்திப் பகடித் தொடர் ஆறே பகுதிகள்தான். அதில் செய்தி வாசிப்பவர் இரண்டு தரப்பையும் சீண்டிச் சீண்டி ஆஸ்திரேலியாவுக்கும் ஹாங்காங்குக்கும் போரை மூட்டிவிடுவார். மறுகணமே போர்ச் செய்திக்கான தடபுடல்கள் தயாராக வந்து இறங்கும். போரில் சாகிறவன் அங்கே கேலிப்பொருள் இல்லை; போருக்காகக் காத்திருந்த ஸ்டுடியோதான்.

பதில்: பிரான்சிலிருந்து திரும்பியவள், புதுச்சேரி

கனால் பிளஸ் தொலைக்காட்சியில் 1988 முதல் 2018 வரை வந்த பொம்மைச் செய்தி 'லே கின்யோல்'. பாரிஸில் இருந்த காலத்தில் என் மாமனார் அதைத் தவறவிட மாட்டார். நடிகர் ஸ்டாலோனின் முகச்சாடையில் ஒரு பொம்மை வரும். பன்னாட்டுக் கம்பெனி முதலாளியும் அதே முகம், படைத்தளபதியும் அதே முகம். உடுப்பு மட்டும் மாறும். ஒன்றும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தவுடன் புரியும்.

உங்கள் நாடகத்தில் விவாத மேடை இருக்கிறதா? வானிலை நிபுணர், பொருளாதார நிபுணர், சோதிட நிபுணர் மூவரையும் ஒரே மாணவர் நடிக்கட்டும். சால்வையை மாற்றினால் போதும்.

பதில்: கூத்துப் பிரியன், பண்ருட்டிப் பக்கம்

அந்தப் பெண்ணின் பேச்சை மேடைத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். கரையோரப் பேச்சிலேயே கம்பீரமாகக் கேள்வி கேட்கலாம். கடற்கரை ஊர் மாணவி யாராவது இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

தெருக்கூத்தில் ராஜாவை முகத்துக்கு நேரே மடக்குகிறவன் கட்டியங்காரன். உங்கள் கேமராமேனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். "தண்ணீர் என்றார்களே, அது காதில் விழவில்லையா?" என்று அவன் ஒருவன் மட்டும் கேட்கட்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தேவனாம்பட்டினத்து மாணவி ஒருவர் அந்தப் பேச்சை எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார். திரையின் அடியில் ஓடும் செய்தி வரியை மேடையில் எப்படிக் காட்டுவது?

கூத்துப் பிரியன்:

வேஷக்காரர் வரும்போது கூத்தில் இரண்டு பேர் திரை பிடிப்பார்களே, அதேபோல நீளத் துணியில் எழுதிப் பிடித்துக்கொண்டு மேடையைக் கடந்து போகட்டும்.

முன்னாள் ஒளிப்பதிவாளர்:

சிவப்புத் துணி, வெள்ளை எழுத்து. பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்கட்டும். தங்கம் விலை, கிரிக்கெட், நடிகர் திருமணம் எல்லாம் ஓடலாம். தண்ணீர் என்ற சொல் மட்டும் கடைசிவரை அதில் வரக் கூடாது.