புதுப்பிப்பு: ஒரே எச்டிஎம்ஐ போர்ட், மூன்று கருவிகள்

பழைய 32 அங்குல எல்சிடி டிவியில் எச்டிஎம்ஐ போர்ட் (படமும் ஒலியும் ஒரே கம்பியில் வரும் துளை) ஒன்றுதான் இருக்கிறது. செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பிளேஸ்டேஷன் 3 மூன்றையும் எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தேன். வேலை ஒருவழியாக முடிந்தது.

கடைக்காரர் முதலில் நீட்டியது ஸ்ப்ளிட்டர். அது ஒரு கருவியின் படத்தை இரண்டு டிவிகளுக்குப் பிரித்துத் தருவது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறாக, பல கருவிகளை ஒரே டிவிக்குக் கொண்டுவரும் ஸ்விட்ச். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. இன்புட் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்விட்சில் செட்டாப் பாக்ஸும் ஸ்டிக்கும் மட்டும். பிளேஸ்டேஷனுக்கு, டிவியின் முதுகில் தூசி படிந்து கிடந்த காம்பொனென்ட் துளைகளே (படத்தை மூன்று கம்பிகளில் வாங்கும் பழைய வகை) போதும் என்று இங்கே ஒருவர் சொன்னார், புண்ணியவான்! பச்சை, நீலம், சிவப்பு படத்துக்கு. வெள்ளையும் இன்னொரு சிவப்பும் ஒலிக்கு. இரண்டு சிவப்புகளும் இடம் மாறினால் நாயகன் முகத்தில் பச்சை பூத்துவிடும். மஞ்சள் துளை இதில் சேராது. அதில் எச்டி வரவே வராது.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். ஸ்விட்ச் தானாக மாறும் என்றார்கள். ஆனால் செட்டாப் பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் சிக்னல் விடுவதால், ஸ்விட்ச் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரிமோட்டில் 2ஐ அழுத்தித்தான் ஸ்டிக்குக்குப் போகிறேன். ரிமோட் இல்லாத ஸ்விட்சை வாங்காதீர்கள்.