இப்போதே வாங்கலாமா, அடுத்த மாடலுக்குப் பொறுக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

2020 நடுவில் எனக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. பழையது வீடியோ எடிட்டிங்கில் திணறியது, ஆனால் அன்றாட வேலைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேக்புக் ஏர் என்று முடிவாகியிருந்த நேரத்தில், அந்த ஜூனில் ஆப்பிள் இன்டெல் சிப்பை விட்டுச் சொந்த சிப்புக்கு மாறப்போவதாக அறிவித்தது. முதல் மாடல் அந்த ஆண்டுக்குள்ளேயே வரும் என்றும் சொன்னார்கள். சரி, பொறுப்போம் என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் எம்1 சிப்புடன் வந்தது. உள்ளே ஃபேனே இல்லை. பழையதில் இரைச்சலோடு மூச்சுவாங்கிய எடிட்டிங் இதில் சத்தமில்லாமல் முடிந்தது. ஒரே ஒரு சங்கடம்: இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருள்கள், அவற்றைப் புதிய சிப்புக்கு மாற்றித் தரும் ஆப்பிளின் ரொசெட்டா 2 மென்பொருள் வழியாகத்தான் ஓடின. எடிட்டிங்கில் நான் பயன்படுத்திய சில பிளக்-இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) புதிய சிப்புக்கு வந்து சேர மாதக்கணக்கானது. முதல் ஆளாக வாங்குகிறவர்கள் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

வரப்போவது என்ன என்பதைத் தயாரித்தவர்களே சொல்லியிருந்தார்கள், எப்போது என்பதும் ஏறக்குறையத் தெரிந்தது, மாற்றமும் அடிமட்டத்திலேயே நடந்தது. அதனால்தான் பொறுத்தது பலித்தது. ‘கசிந்த’ படங்களை நம்பிக் காத்திருப்பதை இதோடு சேர்க்கவே கூடாது. அப்படி ஆரம்பித்தால் எந்த மாதமும் வாங்குகிற மாதமாக இருக்காது. அப்புறம், பழைய லேப்டாப் மொத்தமாகப் படுத்திருந்தால் ஜூனிலேயே இன்டெல் மாடலை வாங்கியிருப்பேன். வேலையை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

*

எனக்கு நடந்தது நேர்மாறு. அதே 2020 செப்டம்பரில் புதிய தலைமுறை கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்தன. அறிவித்த விலையே நியாயமாக இருந்தது, இன்னும் இறங்கும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பிப் பொறுத்தேன். 2021-இல் ஏறத்தான் செய்தது. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ மைனிங் செய்பவர்கள் (இந்தக் கார்டுகளை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் ஈட்டுபவர்கள்) மொத்தமாக அள்ளியது இன்னொரு பக்கம். அதுவரை பழைய கார்டில் 3டி ரெண்டரிங்கை இரவு முழுக்க ஓடவிட வேண்டியிருந்தது. 2022-இல்தான் விலை இறங்கியது. அந்த செப்டம்பரில் எதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையையே கைவிட்டது. நாள் ஆக ஆக மின்னணுப் பொருள் மலிவாகும் என்று கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன்.

*

விலைக்கு முன்னால் நான் பார்ப்பது, அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்பதை. ஒரு அலுவலகத்தில் கழித்த லேப்டாப் சல்லிசாகக் கிடைக்க இருந்தது. பிராசசர் இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் வேண்டாம் என்றேன். லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு அது நல்ல கணினிதான்.

போனில் இதே கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கும். 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு ஏழு வருட அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. அப்படிப்பட்ட போனை, அடுத்த மாடல் வந்து விலை இறங்கியபின் வாங்கினாலும் பல வருடம் மிச்சமிருக்கும். நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

இந்த வாரம் ரவுட்டர் வாங்கப் போகிறேன். வைஃபை 7 வந்துவிட்டது, ஆனால் வீட்டிலுள்ள எந்தக் கருவியும் வைஃபை 6-ஐத் தாண்டவில்லை. எனவே வைஃபை 6 போதும்.