‘சளிக்காய்ச்சல்தானே’ என்று விட்டுவிட்ட அனுபவம் உண்டா?

அடைமழை:
இரண்டு வருஷம் முன்னால், ஐப்பசியில் அப்பாவுக்குக் காய்ச்சல். வயது 71, சர்க்கரை உண்டு. தெருவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிளகு ரசம், நிலவேம்புக் கஷாயம், அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக். வைரஸை அது ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் வாங்கினேன். நாலாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொண்டையில் சளி எடுத்துச் சோதித்ததில் இன்ஃப்ளுயன்சா ஏ, அதாவது ஃப்ளூ வைரஸ். அதற்கான மருந்து ஒசெல்டாமிவிர் கொடுத்தார்கள். “காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் இது நன்றாகக் கேட்கும்” என்றார் டாக்டர். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியும் மாடி ஏற இரண்டு மாதம் பிடித்தது. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

முட்டைக்காரன்:
நாமக்கல் பக்கம் பண்ணை. எங்களுக்கு ஃப்ளூ என்றாலே கோழிதான் ஞாபகம் வரும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வந்தது. எங்கள் கோழிக்கு ஒன்றுமே இல்லை, ஆனாலும் முட்டையைச் சீந்த ஆளில்லை. 2014இல் ஆலப்புழையில் வாத்துகள் செத்தபோது மறுபடி பயம். அதிலிருந்து டயருக்கு மருந்து அடிக்காமல் எந்த வண்டியையும் பண்ணைக்குள் விடுவதில்லை.

ஆனால் ஒருமுறை நானே காய்ச்சலோடு கொட்டகைக்குள் போய்விட்டேன். கால்நடை டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். கோழிக்கு ஒட்டிவிடும் என்றுதான் கோபம் என்று நினைத்தேன். அவர் கவலை வேறு. மனுஷ வைரஸும் பறவை வைரஸும் ஒரே உடம்புக்குள் சேர்ந்தால், மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று கிளம்பலாமாம். 2009 பன்றிக்காய்ச்சல் வைரஸில் பன்றி, பறவை, மனிதன் மூன்று பக்கத்துத் துண்டுகளும் இருந்தன என்றார். இப்போது வேலையாள் தும்மினாலே சம்பளத்தோடு லீவு.

புனேவாசி:
அந்த 2009 ஆகஸ்டில் நான் புனேயில் இருந்தேன். இந்தியாவின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணம் இங்கேதான், ஒரு பள்ளி மாணவி. பள்ளிக்கூடம், தியேட்டர் எல்லாம் மூடினார்கள். முகக்கவசம் கிடைக்காமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனோம். இன்று அதே பன்றிக்காய்ச்சல் வைரஸ், எச்1என்1, சீசன் காய்ச்சலோடு காய்ச்சலாக வந்துபோகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடைமழை சார், அப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டீர்களா?

அடைமழை:
போன வருஷம் போட்டோம். இந்த வருஷம் கூப்பிட்டால், “அதான் போட்டாச்சே” என்கிறார். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், தடுப்பூசியில் எந்த ரகங்களைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை கூடிப் பேசுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப அவங்களுக்கே இன்னும் முடிவா தெரியலையா?” என்று கேட்கிறார். புரட்டாசிக்குள் எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும்.